நாகரிகப்படுத்துவதா, பண்படுத்துவதா?

இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று பலர் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் இலக்கணம். ‘படுத்து’ என்று முடியும் பிறவினைகள் பலவற்றுக்கு ‘படு’ என்று முடியும் தன்வினை ஒன்று இருக்கும்: மேம்படு, மேம்படுத்து, பண்படு, பண்படுத்து. நாகரிகப்படுத்து என்பதற்கு அந்த இணை வழக்கில் இல்லை. ‘அவன் நாகரிகப்பட்டான்’ என்று யார் சொல்கிறார்கள்? ‘நாகரிகமடைந்தான்’ என்று வேறு வினையைத் தேடிப் போகிறோம். ஆக, ஒருவன் செய்ய, இன்னொருவன் செய்யப்படுவதற்கு மட்டுமே அந்தச் சொல் உதவுகிறது.

பண்படுத்து அப்படியல்ல. நிலத்தைப் பண்படுத்தலாம், மனத்தைப் பண்படுத்தலாம், தன்னையே பண்படுத்திக்கொள்ளலாம். ‘தன்னை நாகரிகப்படுத்திக்கொண்டான்’ என்று எழுதிப் பாருங்கள். உடையையும் முடியையும் மாற்றிக்கொண்டான் என்றுதான் காதில் விழும்.

இத்தனைக்கும் ‘நாகரிகம்’ பழைய நூல்களில் உயர்ந்த சொல். ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்கிறது 580ஆம் குறள். பழகியவர் கண்முன்னே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் மறுக்காமல் உண்ணும் கண்ணோட்டம், அதாவது இரக்கம், அது. நற்றிணை 355ஆம் பாடலும் இதே கருத்தைச் சொல்கிறது. நகரத்தையொட்டிப் பிறந்த வடசொல் இங்கே நெஞ்சின் ஈரத்தைக் குறிக்கிறது. கவனிக்க வேண்டியது ‘வேண்டுபவர்’. நாகரிகத்தைத் தானே விரும்ப வேண்டும். அடுத்தவர் தலையில் கட்டுவதற்கு அங்கே இடமில்லை.

‘படுத்து’ ஒட்டியதும் கதை மாறுகிறது. 1885 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் முன்னாள் பிரதமர் ஜூல் ஃபெரி பேசியதைத் தமிழில் தருவதென்றால் இந்தச் சொல்லைத்தான் போட வேண்டும்: தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்துவது உயர்ந்த இனங்களின் கடமை என்றார் அவர். அதே அவையில் அவரை எதிர்த்த உறுப்பினர் கிளெமான்சோ மடக்கினார்: பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியரைவிடத் தாழ்ந்த இனம், அதனால்தான் 1870-71 போரில் ஜெர்மானியரிடம் தோற்றார்கள் என்று ஜெர்மானிய அறிஞர்கள் நிறுவியதிலிருந்து இந்தப் பேச்சை நம்புவதற்கு எனக்குத் தயக்கம் என்று. ஃபெரியின் பேச்சில் ‘பண்படுத்துவது’ என்று போட்டால் ஆதிக்கத்துக்கு நாமே சந்தனம் பூசியதாகிவிடும். காலனியவாதிகளின் கூற்றைச் சொல்லும்போது ‘நாகரிகப்படுத்து’ சரி; மேற்கோள் குறிக்குள் போட்டால் இன்னும் சரி. கல்வியோ கலையோ ஒருவரை உள்ளிருந்து மாற்றுவதைச் சொல்லப் ‘பண்படுத்து’ போதும்.

‘சீர்திருத்து’ இந்தப் போட்டியில் பாதிதான் நிற்கும். சமூகம், சட்டம், வழக்கம் ஆகியவற்றுக்குப் பொருந்துமே தவிர, தனி ஆளுக்கு ஒட்டாது. ‘திருத்து’ ஆளுக்கும் வரும், காட்டுக்கும் வரும், விடைத்தாளுக்கும் வரும். ஆனால் திருத்தப்படுபவரிடம் பிழை இருக்கிறது என்ற தீர்ப்பைச் சொல்லும்போதே கொடுத்துவிடுகிறது. அந்த அளவில் ‘நாகரிகப்படுத்து’ என்பதைவிட அது ஒளிவுமறைவில்லாத சொல்.