சிசரோ மட்டுமா, எல்லோருமா? லத்தீன் எழுதிப் பழக யாரைப் பின்பற்றலாம்

முந்தைய எழுத்தாளர்களைப் பார்த்து எழுதுவதை ரோமானியர்கள் குறையாக நினைக்கவில்லை. எப்படிப் பார்த்து எழுதுவது என்பதில்தான் சண்டை. மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் அது இரண்டு கட்சியாகவே பிரிந்தது. ஒரு கட்சிக்கு ரோமானியப் பேச்சாளரும் உரைநடை ஆசிரியருமான சிசரோ மட்டும் போதும், இன்னொன்றுக்குப் பழைய லத்தீன் ஆசிரியர்கள் எல்லோரும் வேண்டும். லத்தீன் உரைநடை எழுதிப் பழகத் தொடங்கியபோது நான் சிசரோ கட்சியில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

எதிர்க்கட்சியின் பெருமை ஊரறிந்தது. பல பூக்களில் எடுத்துத் தேனாக்கும் தேனீயைப் போல எழுது என்று ரோமானியத் தத்துவஞானி செனெக்கா தன் 84ஆம் கடிதத்தில் சொன்னார். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் அதையே பிடித்துக்கொண்டார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிஞரும் அறிஞருமான பொலிசியானோ இன்னும் ஒரு படி மேலே போய், நான் சிசரோ இல்லையே, என்னைத்தானே எழுதுகிறேன் என்று சிசரோ கட்சிக்காரரான பாவ்லோ கோர்டெசிக்கு எழுதினார். படிக்கும்போது கைதட்டத்தான் தோன்றும். கோர்டெசியின் பதிலை யாரும் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை. தந்தைக்கு மகன் போல இருக்கவே விரும்புகிறேன், ஆனாலும் மற்றவர்களுக்கு மகனாக இருப்பதைவிட சிசரோவுக்குக் குரங்காக இருப்பது மேல் என்றார் அவர்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே விஷயம்: எழுதியதைத் திருத்துவது எப்படி? ‘சந்தேகமில்லை’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதுகிறேன் என்று வையுங்கள். சிசரோவானால் ‘நோன் டுபிடோ’வுக்குப் (‘சந்தேகப்படவில்லை’) பின் ‘க்வின்’ என்ற இணைப்புச் சொல்லைப் போட்டு, அடுத்து வரும் வினையின் வடிவத்தை மாற்றுவார். வரலாறு எழுதிய நெபோஸும் லிவியும் அங்கே ‘க்வின்’ இல்லாத வேறு அமைப்பையும் எழுதுகிறார்கள். எல்லோரையும் முன்மாதிரியாக வைத்துக்கொண்டால் இரண்டும் சரி. சிசரோவுக்கு முந்தைய நாடக ஆசிரியர் பிளாட்டஸிலிருந்து, பிந்தைய கதாசிரியர் அப்புலேயஸ் வரை தேடினால் எதற்கும் ஒரு சாட்சி கிடைத்துவிடும், எதையும் தப்பென்று சொல்ல ஆளிருக்காது. பொலிசியானோவுக்கு அது பிரச்சினை இல்லை, எது நல்ல லத்தீன் என்று கேட்டே சொல்லும் காது அவருக்கு இருந்தது. கற்றுக்கொள்பவருக்கு அந்தக் காது இனிமேல்தான் வரவேண்டும். ஒரே ஆசிரியர் என்றால், என் வாக்கியம் அவரிடமிருந்து எங்கே விலகியது என்று கையோடு தெரிந்துவிடுகிறது.

இந்தக் கட்சியை டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528இல் ‘சிசரோனியானுஸ்’ என்ற உரையாடல் நூல் எழுதிக் கிழித்துத் தொங்கவிட்டார். அதில் வரும் நோசோபோனுஸ் ஏழு வருஷமாக சிசரோவைத் தவிர வேறெதையும் தொடாதவன். சொற்களுக்கு ஒரு அகராதி, தொடர்களுக்கு ஒன்று, வாக்கியம் தொடங்கி முடியும் அசைகளுக்கு ஒன்று என்று தொகுத்து வைத்திருக்கிறான். ஒரு வினையை சிசரோ எந்த வடிவத்தில் எழுதவில்லையோ, அந்த வடிவத்தை அவனும் எழுதமாட்டான். சின்னக் கடிதத்துக்கே ராத்திரி முழுக்க உட்காருகிறான். கேலி நியாயம்தான். ஆனால் அந்த மூன்று அகராதிகளின் வேலை இன்று இணையத்தில் ஒரு தேடல். கிடைத்திருக்கும் சிசரோ நூல்கள் எல்லாம் தேடும்படி இருக்கின்றன. இதற்கு இவ்வளவு உழைப்பா என்று எதிர்க்கட்சி காட்டிய பெரிய குறை அதோடு போயிற்று.

போகாத குறைகளும் உண்டு. சிலர் வாக்கியத்தை ‘எஸ்ஸே விடேயாடுர்’ (‘இருப்பதாகத் தோன்றும்’) என்று சிசரோ பாணியில் முடித்துவிட்டாலே சிசரோ ஆகிவிட்டதாக நினைத்தார்கள் என்று ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன் அப்போதே கிண்டலடித்தார். அந்த வால் என் வாக்கியங்களிலும் அடிக்கடி முளைக்கும், வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அப்புறம், சிசரோ காலத்தில் இல்லாத பொருள் வந்தால்? கிறிஸ்தவர்களின் கடவுளை ‘ஜூபிடர் ஆப்டிமுஸ் மாக்சிமுஸ்’ என்று ரோமானியரின் தலைமைக் கடவுள் பெயரால் எழுதுவது அபத்தம். அங்கே நான் தயங்காமல் எராஸ்மஸ் பக்கம் போய் சர்ச் லத்தீன் சொல்லையே எடுத்துக்கொள்வேன். வாக்கிய அமைப்புக்கு மட்டும்தான் சிசரோ.

செய்யுள் பற்றி இதே உறுதியோடு சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை, எழுதியது கொஞ்சம்தான். ஒருவரையே ஊறிப் படித்தால் அங்கே ஆபத்து கூடுதல் என்றுதான் தோன்றுகிறது. பெத்ரார்க்கின் ஆறாவது இடையர் பாட்டில் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ‘அட்க்வே இன்டோனட் ஓரே’ (‘வாயால் இடிமுழங்குகிறான்’) என்ற தொடர் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த இளைஞன்தான் அதைக் கண்டுபிடித்தான். பாட்டு அதற்குள் பலர் கைக்குப் போயிருந்ததால் திருத்த வழியில்லை. தன்னோடு சேர்ந்து வர்ஜிலிடம் மன்னிப்புக் கேட்கும்படி பெத்ரார்க் தன் எழுத்தாள நண்பர் பொக்காச்சியோவுக்கு எழுதினார், அந்த வர்ஜிலே தனக்கு முந்தைய கவிஞர்களான ஹோமரிடமும் என்னியஸிடமும் லுக்ரீஷியஸிடமும் எடுத்தவர்தானே என்று சேர்த்து.