வீட்டு இணையம்: கூடிக்கொண்டே போகும் தேவையை எந்த இணைப்பு தாங்கும்?

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது இந்தியாவில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 2 கோடி இருந்தன. ஐந்தே ஆண்டுகளில் அது 4 கோடியைத் தாண்டிவிட்டது. இணைப்புகள் பெருகியது போதாதென்று ஒவ்வொரு வீடும் இழுக்கும் அளவும் ஏறிவிட்டது. ஹாலில் 4கே டிவி ஓடுகிறது, உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங், மாடியில் பையனுடைய கேம் அப்டேட் ஆகிறது, வாசல் கேமரா இரவு பகலாக வீடியோவை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் நிறுவனங்கள் தாங்குமா?

ஃபைபர் தாங்கும், இன்னும் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். காற்றுவழி வரும் 5ஜி வீட்டு இணைப்புதான் முதலில் திணறும். ஆனால் ஃபைபர் வாங்கியவருக்கும் இரவு 9 மணிக்குப் படம் சுற்றிச் சுற்றி நிற்கிறதே என்றால், கோளாறு பெரும்பாலும் கண்ணாடி இழையில் இருக்காது, அதற்கு மேலே, நிறுவனம் வெளி இணையத்தோடு சேரும் பக்கத்தில் இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

எல்லா நிறுவனமும் கையில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகத்தை விற்கிறது. ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைக்கிற கல்யாண வீட்டுக் கணக்கு இது. தப்பில்லை, எல்லோரும் ஒரே பந்திக்கு வரமாட்டார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கூட 2009இல் வீட்டு இணைப்புகளில் ஒருவருக்கான வேகத்தை ஐம்பது பேர் வரை பகிரலாம் என்றுதான் வரம்பு சொன்னது. யார் எவ்வளவு தாராளமாகச் சமைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் ஃபைபர். ஜியோ, ஏர்டெல், ஏக்ட், பிஎஸ்என்எல், உங்கள் தெரு கேபிள்காரர் என்று யாரிடம் வாங்கினாலும் நம் ஊரில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் தொழில்நுட்பம். எக்ஸ்சேஞ்சில் இருந்து இழைகளை இயக்கும் ஓஎல்டி பெட்டியின் ஒரு போர்ட்டிலிருந்து ஒற்றை இழை கிளம்பி, வழியில் ஸ்பிளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த ஒரு போர்ட்டின் இறக்க (டவுன்லோடு) வேகம் நொடிக்கு 2.488 கிகாபிட்; 1 கிகாபிட் என்பது 1000 மெகாபிட். 64 வீடும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுத்தாலும் வீட்டுக்கு 38 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். அதாவது 64 வீட்டிலும் ஆளுக்கொரு 4கே படம் ஓடினாலும் போர்ட்டில் பாதிகூட நிரம்பாது. நாளைக்குத் தேவை இன்னும் ஏறினால் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. அதே இழையின் இரண்டு முனையிலும் பெட்டியை மாற்றி அடுத்த தலைமுறை எக்ஸ்ஜிஎஸ்-பான் வைத்தால் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் (அப்லோடு) 10 கிகாபிட் கிடைத்துவிடும். ஒருமுறை இழுத்த கம்பி இத்தனை காலம் வளர இடம் கொடுப்பது வேறு எந்த வகையிலும் கிடையாது.

அப்படியானால் இரவில் ஏன் திணறுகிறது? ஓஎல்டிக்கு மேலே போகும் இணைப்பு போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். சின்ன நிறுவனம் ஒன்று 500 வீடுகளுக்கு 100 மெகாபிட் திட்டத்தை விற்றுவிட்டு, மேலே 1 கிகாபிட் மட்டும் வாங்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்கு 2 மெகாபிட். இந்தியாவில் 2023 முதல் பிராட்பேண்ட் என்று அழைக்கப்படுவதற்கான குறைந்தபட்ச வேகமே அவ்வளவுதான். சாதாரண நாளில் இது எப்படியோ ஓடிவிடும். கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்று மாட்டிக்கொள்ளும். 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். பழைய படம் என்றால் அதன் நகலை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே ஒரு சர்வரில் முன்கூட்டி நிரப்பி வைத்துவிடலாம்; நெட்ஃபிளிக்ஸும் கூகுளும் அப்படித்தான் செய்கின்றன. நேரலையை முதல் நாளே நிரப்பி வைக்க முடியாது.

இங்கேதான் பெரிய நிறுவனமும் உள்ளூர்க்காரரும் பிரிகிறார்கள். பெரிய நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் சொந்த இழை உண்டு, அந்த சர்வர்களும் அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கும், சிலரிடம் சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூர் போகும் கடலடிக் கம்பியில் பங்கும் உண்டு. இரவு 9 மணி வேகத்தில் அவர்கள் கை ஓங்கியிருப்பது இதனால்தான். உள்ளூர்க்காரரின் பலம் வேறு. பெட்டியில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது என்று போன் செய்தால் அரை மணியில் ஏணியோடு ஆள் வந்து நிற்பார். பெரிய நிறுவனத்தில் புகார் எண் வரும், ஆள் மறுநாள் வருவார், சில சமயம் அதற்கு அடுத்த நாள். புயலுக்குப் பிறகு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். 2016 வர்தாவில் சென்னையில் மரங்கள் விழுந்து மேல்வழிக் கம்பிகள் அறுந்தபோது, எந்தக் கம்பி எந்தக் கம்பத்தில் போகிறது என்று தெரிந்த ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். இணைப்புகள் இரட்டிப்பான வேகத்தில் அறுந்த இழையை ஒட்டவைக்கும் ஸ்பிளைசிங் தெரிந்த ஆட்களை யாரும் சேர்க்கவில்லை என்பது என் வருத்தம். தாங்குமா என்ற கேள்வியில் பாதி இந்த ஆட்களைப் பற்றியது. அவர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் பாதுகாப்புப் பெல்ட்டும் கொடுக்காமல் எத்தனை கிகாபிட் விளம்பரம் செய்தும் பயனில்லை.

பிஎஸ்என்எல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேலே அதன் சொந்த வலையமைப்பு, கடைசி மைலில் வருமானப் பங்குக்கு வேலை செய்யும் உள்ளூர்ப் பங்காளி. யோசனை அருமை. அந்தப் பங்காளி யார் என்பதைப் பொறுத்து ஒரு ஊரில் தங்கமாகவும் பக்கத்து ஊரில் தொல்லையாகவும் இருக்கும். சின்ன ஊர்களில் இதை ஒதுக்கிவிட வேண்டாம், ஆளை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இனி காற்றுவழி வரும் 5ஜி ஏர்ஃபைபர். ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ செப்டம்பரிலும் தொடங்கின. மாடியில் ஒரு பெட்டி வைத்தால் போதும், கம்பி இழுக்க அனுமதி, கம்பம், பள்ளம் எதுவும் வேண்டாம். ஃபைபர் வராத தெருவில் இருப்பவருக்கு இது பெரிய விடுதலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். கோபுரத்தின் ஒரு பக்கம் நோக்கிய செக்டாரில் 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் நல்ல நிலையில் ஏறக்குறைய 1 கிகாபிட் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் உள்ள வீடுகள் மட்டுமல்ல, தெருவில் நடக்கிறவர், பேருந்தில் போகிறவர், கடையில் நிற்கிறவர் என எல்லோருடைய 5ஜி போனும் அதைப் பகிர்கிறது. போன் வைத்திருப்பவர் பத்து நிமிடம் ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பைக்குள் போடுவார். வீட்டு டிவி மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும்.

நிறுவனங்களுக்கே இது தெரியும் என்பதற்கு அவர்களுடைய திட்டங்களே சாட்சி. ஃபைபரில் ‘வரம்பற்ற’ திட்டம் என்றால் மாதம் 3.3 டெராபைட் வரை முழு வேகம் என்பது பழகிப்போன அளவு. அதே நிறுவனங்கள் ஏர்ஃபைபரில் வைத்த வரம்பு 1 டெராபைட். பெட்டியும் செயலியும் ஒன்றுபோல இருந்தாலும் தாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குதான் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டி-மொபைல் ஒரு பகுதியில் அலைவரிசை மீதம் இருந்தால் மட்டுமே புதிய வீட்டு இணைப்பு கொடுக்கிறது. இங்கேயும் அந்தக் கட்டுப்பாடு வந்தால் நல்லது.

2020லேயே இதற்கு ஒரு முன்னோட்டம் பார்த்தோம். மார்ச் கடைசியில் வீடியோ தளங்கள் இந்தியாவில் படத்தின் தரத்தை 480பிக்கு இறக்கின. கைபேசி நிறுவனங்களின் சங்கம் கேட்டுக்கொண்ட பிறகு, கைபேசி வலையமைப்புக்கு மட்டும் செய்த ஏற்பாடு அது. நெரிசல் வந்தபோது முதலில் கை தூக்கியது காற்றுவழிதான்.

பழைய கோஆக்சியல் கேபிள் வழி இணையம் இன்னும் சில நகரங்களில் இருக்கிறது. அதற்கான தரமான டாக்சிஸ் 3.0இல் எட்டு சேனலைச் சேர்த்தாலும் 300 முதல் 400 மெகாபிட்தான், அதையும் நூற்றுக்கணக்கான வீடுகள் பகிரும். ஏற்ற வேகம் அதைவிடக் குறைவு. கேமராவும் வீடியோ மீட்டிங்கும் உள்ள வீட்டுக்கு ஆகாது. மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள்.

செயற்கைக்கோள் பற்றியும் கேட்பார்கள். செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. மலைக்கிராமத்துக்கும் தனியாகக் கிடக்கும் எஸ்டேட்டுக்கும் நல்ல வழி. நகரத்துக்குச் சரிவராது; நைஜீரியாவின் லாகோஸில் 2024இலேயே இடம் நிரம்பிவிட்டது என்று புதிய இணைப்பை நிறுத்தினார்கள்.

சரி, வாங்கப் போகிறவர் என்ன செய்யலாம்? உங்கள் தெருவில் அந்த இணைப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு இரவு 9 மணிக்கு மேல் போய், வைஃபையில் அல்ல, லேப்டாப்பில் கம்பி மாட்டி வேகத்தைப் பாருங்கள். பகல் 11 மணி வேகம் எதையும் சொல்லாது. ஏற்ற வேகத்தையும் பாருங்கள். மாத வரம்பு தாண்டினால் எவ்வளவுக்கு இறங்கும் என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் மின்வெட்டில் அவருடைய ஓஎல்டிக்கு யுபிஎஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். வீட்டு ரூட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தால் போதாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு மற்றவர்களை உள்ளே விடாத வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. குறைந்தது இரண்டு நிறுவனங்களின் இழையாவது உள்ளே வரட்டும். ஒரே நாளில் இன்னொன்றுக்கு மாறிவிட முடியும் என்று தெரிந்த குடியிருப்புக்குத்தான் நிறுவனம் தானாக மேலே இன்னொரு 10 கிகாபிட் இணைப்பு வாங்கிப் போடும்.