இரண்டடிச் செடித்தொட்டிக்கு வடிகட்டி மணல்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தருமபுரி பென்னாகரம் ரோட்டில், போர்வெல் மோட்டாரும் தண்ணீர் வடிகட்டிச் சாமான்களும் விற்கும் ஒரு கடையில் 25 கிலோ சிப்பமாக வாங்கிய சிலிக்கா மணல், என் இரண்டடி மீன்தொட்டியின் அடியில் பதினான்கு மாதங்களாகக் கிடக்கிறது. விலை 420 ரூபாய். துருவும் கலங்கலுமாக வரும் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தெளியவைக்கும் உருளைக்குள் நிரப்புவதற்காகத்தான் ஊரில் இதை வாங்குகிறார்கள். மீன்தொட்டிக்கு என்று நான் சொன்னதும் கடைக்காரர், “மீனுக்கா? தாராளமா எடுத்துக்குங்க சார், ஆனா கேரண்டி கேக்காதீங்க” என்றார். அந்தக் கேரண்டியை எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

செடித்தொட்டி வைப்பவர்கள், அதாவது மீன்தொட்டிக்குள் நீர்ச்செடி வளர்ப்பவர்கள், முதலில் நாடுவது அக்வா சாயில் எனப்படும் சுட்ட மண் உருண்டைகளைத்தான். ஜப்பானியரான தகாஷி அமானோ நிறுவிய ஏடிஏ நிறுவனத்தின் அமேசானியா அவற்றில் பெயர்பெற்றது. அது நல்ல பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 9 லிட்டர் பை ஒன்றின் விலை மூவாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும் என்பதோடு, அதன் தனிச்சிறப்பு நம் ஊர்த் தண்ணீரில் நெடுநாள் நிற்காது என்பதையும் வாங்குமுன் யோசிக்க வேண்டும். அந்த உருண்டைகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் பிடித்துக்கொண்டு கடினத்தன்மையையும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவையும் இறக்கிக் கொடுக்கின்றன. அப்படிப் பிடித்துவைக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. என் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் 900-க்கு மேல் காட்டுகிறது. புதிய அக்வா சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளியிடுவதால் அடிக்கடி தண்ணீர் மாற்றச் சொல்கிறார்கள். அப்படி மாற்றும் ஒவ்வொரு வாளி கடினநீரும் நாம் காசு கொடுத்து வாங்கிய அந்தத் திறனைக் கரைத்துக்கொண்டே போகும். சில மாதங்களில் மிஞ்சுவது, செடிக்கு உரம் வைத்திருக்கும், பார்க்க அழகான ஒரு மண். அந்த அளவுக்கு நமக்குச் செம்மண்ணே போதும்.

ஒகேனக்கல் தண்ணீரை ஊற்றலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். காவிரி நீர் ஆழ்குழாய் நீரைவிட மென்மையானது என்பது உண்மைதான். ஆனால் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் புளோரைடிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களைக் காப்பதற்காக, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் அது. குடிக்க வரும் அந்தத் தண்ணீரை ஜப்பானிய மண்ணின் ஆயுளை நீட்டிப்பதற்காக வாளி வாளியாகத் தொட்டியில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

இந்த மணலுக்கு வருமுன் ஒருமுறை ஏமாந்தேன். அலங்கார மீன் விற்கும் கடை ஒன்றில், “கிருஷ்ணகிரி கிரானைட் ஜல்லி” என்று சொல்லி வெள்ளைக் கற்களை இரண்டு பை கட்டிக் கொடுத்தார்கள். கிரானைட் தண்ணீரில் கரையாது என்ற நம்பிக்கையில் சோதிக்காமலே பரப்பினேன். மூன்றாம் வாரத்தில் பிஹெச் ஏறியிருந்தது, செடியின் நுனிகள் வெளிறியிருந்தன. ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, அதன்மேல் சமையலறை வினிகரை நாலு சொட்டு விட்டேன். சோடாவைத் திறந்ததுபோல ஓரங்களில் நுரை பொங்கி, பொடிக்குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. அது சலவைக்கல் துண்டு; தண்ணீரில் மெல்லக் கரைந்து பிஹெச்சை ஏற்றியது அதுதான். அன்றிலிருந்து எந்தக் கல்லையும் மணலையும் வினிகர் விடாமல் நான் வாங்குவதில்லை. வடிகட்டி மணலில் ஒரு கைப்பிடியைக் கடையிலேயே கேட்டு வாங்கி வந்து சோதித்த பிறகுதான் சிப்பத்துக்குப் பணம் கொடுத்தேன். அதில் ஒரு குமிழிகூட எழவில்லை.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாயம் பூசிய கற்களில் நாளடைவில் சாயம் உரியும். எம்-சாண்ட் மலிவுதான், ஆனால் உடைத்த பாறை என்பதால் முனை கூராக இருக்கிறது. அடியைக் கிளறி மேயும் கோரிடோராஸ் போன்ற மீன்களின் மீசை அதில் தேயும். அதோடு அதன் மாவுத்தூள் எத்தனை முறை அலசினாலும் தீர்வதில்லை. ஆற்று மணல் நியாயமான வழியில் கிடைத்தால் நல்லது, கிடைப்பதுதான் அரிது.

வடிகட்டி மணலில் கவனிக்க வேண்டியது பரல் அளவு. கடைகளில் இது பல அளவுகளில் சலித்து வருகிறது. செடிக்கு ஏற்றது 1 முதல் 2 மி.மீ. வரை. அதைவிடப் பொடியாக இருந்தால் இறுகிக்கொண்டு வேருக்குக் காற்றோட்டம் விடாது, 4 மி.மீ. தாண்டினால் நட்ட செடி பிடிமானமில்லாமல் மிதந்து வரும், மீன் விட்ட தீனியும் இடுக்கில் இறங்கி அழுகும். சிப்பத்தின்மேல் எழுதியிருக்கும் அளவை முழுதாக நம்ப வேண்டாம். என் சிப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பொடிதான், அதை மாவு சலிக்கும் சல்லடையில் கழித்தேன். அலசுவதற்குப் பதினோரு வாளித் தண்ணீர் ஆயிற்று. அத்தனையும் தென்னைமரத்தடிக்குப் போனதால் வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை.

மணலில் சத்து எதுவும் கிடையாது என்பதால் அதற்கு அடியில் செம்மண் போட்டேன். மண்மேல் சரளை பரப்பிச் செடி வளர்க்கும் முறையைப் பரவலாக்கிய அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் மண் ஓர் அங்குலம், மேலுறை ஓர் அங்குலம் என்று சொல்கிறார்; நான் மண்ணை 2 செ.மீ. அளவில் நிறுத்திக்கொண்டு மணலை 4 செ.மீ. போட்டேன். அடியகலம் 60-க்கு 30 செ.மீ. உள்ள தொட்டிக்கு அந்த மணல் ஏழு லிட்டர் சொச்சம், எடையில் 11 முதல் 12 கிலோ. பொடியைக் கழித்த பின்னும் சிப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீந்துவிடும். செம்மண்ணைச் செம்மையாக்கும் இரும்பு, அடியில் பிராணவாயு குறையும்போது வேர் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது என்பதுதான் இதன் பயன். ஆனால் எந்த நிலத்து மண் என்பதைப் பார்க்க வேண்டும். மாந்தோப்பு மண் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தாலும், மருந்து தெளிக்கும் தோப்பிலிருந்து அள்ளிவந்தால் மீன் தாங்காது. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியில், மூன்றடிக்குக் கீழிருந்த மண்ணை எடுத்துச் சலித்து, நான்கு நாள் ஊறவைத்து, மிதந்த வேர்களையும் சருகையும் வடித்த பிறகு பயன்படுத்தினேன். மண்புழு உரம் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. முதல் மாதத்திலேயே தண்ணீர் பச்சையாகிவிடும் என்பதால் நான் கலக்கவில்லை.

விளைவு எல்லாச் செடிக்கும் ஒன்றுபோல இல்லை. வாலிஸ்னேரியா பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பிரித்துக்கொள்ளும் செடியாதலால் எங்கள் கடினநீரில் பொங்கி வளர்ந்து, ஓடுகொடி விட்டுப் பின்சுவரை முழுதாக மறைத்துவிட்டது. கிரிப்டோகோரைன் நட்ட பத்தாம் நாளில் இலையெல்லாம் கரைந்து போயிற்று. பிடுங்கி எறியாமல் விட்டதால் ஆறாம் வாரம் செம்பழுப்பாகப் புதிய துளிர் வந்தது. அமேசான் வாள்செடிக்கு மட்டும் எட்டாம் மாதம் முதல் வேரடியில் உரமாத்திரை செருக வேண்டியிருந்தது. அனுபியாஸையும் ஜாவா பெரணியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றின் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகும், கட்டையில் கட்டிவிடுவதே சரி.

குறைகளும் உண்டு. வெளிறிய நிறமாதலால் மீன் கழிவு ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது. செடியை இடம் மாற்றப் பிடுங்கினால் செம்மண் மேலே வந்து ஒருநாள் முழுவதும் தொட்டி டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்போல் இருக்கும்; அடிக்கடி மாற்றி நடும் பழக்கமுள்ளவர்கள் செம்மண்ணை விட்டுவிட்டு, மணலும் உரமாத்திரையும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மணல் கனமாகச் சேர்ந்த ஒரு மூலையில் ஐந்தாம் மாதம் மூங்கில் குச்சியால் குத்தியபோது அழுகிய முட்டை வாடையுடன் பெரிய குமிழ் ஒன்று கிளம்பியது. அந்த மூலையை 4 செ.மீ. மட்டத்துக்குக் குறைத்து, மணலுக்குள் புகுந்து திரியும் மலேசிய ஊசிநத்தைகள் சிலவற்றை விட்ட பிறகு வாடை வரவில்லை.

கப்பி, மோலி போன்ற கடினநீர் மீன்களுடன் செடி வளர்ப்பவருக்கு இந்த மணலைத் தயங்காமல் சொல்வேன். மென்னீர் கேட்கும் நுண்செடிகளைத் தரைவிரிப்பாக வளர்க்க விரும்புபவர் ஆர்.ஓ. தண்ணீருக்கும் அக்வா சாயிலுக்கும் சேர்த்தே செலவிட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவது வீண். என்னிடம் மீந்த மணல் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அடுத்த தொட்டிக்கு அதையேதான் போடப்போகிறேன்.