பட்ஜெட் ரைஃபிளின் இறுகிய போல்ட்: நான்கு வேட்டைக் காலத்துக்குப் பிறகு

ஒன்டாரியோவில் துப்பாக்கி உரிமம் கைக்கு வந்ததும் வாங்கியது இந்த .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று. நான்கு நவம்பராக இதோடுதான் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். குறியில் குறை சொல்ல மாட்டேன். 100 யார்டில் மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும். போல்ட்தான், அதாவது கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் உருளைதான், பாடாய்ப் படுத்தியது.

முதல் வருடம், நான் சுட்ட குண்டு ஒரு கிளையில் பட்டு விலகிவிட்டது. மான் காதை நிமிர்த்தி அங்கேயே நின்றது. அடுத்த தோட்டாவை ஏற்றக் கைப்பிடியைத் தூக்கினால், துப்பாக்கியின் கட்டை தோளை விட்டே நழுவியது. மீண்டும் பார்க்கையில் மான் இல்லை. காயமில்லாமல் போனதே எனக்கு நிம்மதி. அடிபட்ட மானாக இருந்திருந்தால், என் இரண்டாவது குண்டு வரும்வரை அது துடித்துக்கொண்டிருந்திருக்கும். அந்த நினைப்புதான் என்னை உட்கார்ந்து போல்ட்டைக் கழற்ற வைத்தது.

இறுக்கம் இரண்டு வகை. கைப்பிடியைத் தூக்கும்போது உள்ளே ஃபயரிங் பின்னின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) ஸ்பிரிங்கை அமுக்குகிறோம். போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் முனைப்புகளுக்கு லக் என்று பெயர். இரண்டு லக் போல்ட் இந்த வேலையை 90 டிகிரி சுற்றில் செய்கிறது. என்னுடையது மூன்று லக். சுமார் 70 டிகிரிக்குள் அதே வேலை முடிய வேண்டும், அதனால் கை கனக்கும். பின்னால் இழுக்கும்போது வரும் கரகரப்பு வேறு, அது வெறும் உராய்வு. எது எங்கே என்று தெரியாமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள்.

நான் செய்தது இதுதான். சேம்பரில், அதாவது சுடும்போது தோட்டா இருக்கும் குழியில், ஒரு தோட்டாகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட் உடம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசினேன். இருபது முறை முன்னும் பின்னும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அடிப்பக்கத்தில் விரல்நீளத்துக்கு ஒரே ஒரு கோடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. உரசும் இடம் அவ்வளவுதான்! அங்கே மட்டும் 1000 நம்பர் தாளை எண்ணெயில் நனைத்து, கடைசல் கோடுகளின் முனை மழுங்கும் அளவுக்குத் தேய்த்தேன். பிறகு கேம் சரிவில் (கைப்பிடியைத் தூக்கும்போது ஃபயரிங் பின்னைப் பின்னுக்குத் தள்ளும் சரிவு) இருந்த தொழிற்சாலைப் பிசினைத் துடைத்தெடுத்து, அங்கும் லக்குகளின் பின்புறத்திலும் துளி மோலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) வைத்தேன். அப்புறம் டம்மி தோட்டா போட்டு, தினம் ஐம்பது முறை என்று பத்து நாள் இயக்கினேன். உண்மையில் பாதிக்கு மேல் சரியானது இந்தப் பத்து நாளில்தான்.

லக்குகளைத் தேய்க்கவே கூடாது. தோட்டா பூட்டி நிற்கும் இடைவெளி மாறிவிடும், அது உயிரோடு விளையாடுவது. ஸ்பிரிங்கை வெட்டினால் தூக்குவது இலகுவாகும், ஆனால் தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமரில் அடி பலமாக விழாது. ட்ரிகர் பக்கமும் கை வைக்க வேண்டாம். வெறும் போல்ட் இலகுவாக இருந்து, சுட்ட பிறகு மட்டும் இறுகினால் கதையே வேறு: சேம்பர் அழுக்காக இருக்கலாம், தோட்டாவின் அழுத்தம் மிகுந்திருக்கலாம். சுடுவதை நிறுத்திவிட்டு கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள்.

ஒரு தவறும் செய்தேன். இரண்டாம் வருடம் கிரீஸை அள்ளிப் பூசிவிட்டேன். மைனஸ் 15 டிகிரி காலையில் அது மெழுகாக உறைந்து, போல்ட் பழையபடி முரண்டு பிடித்தது. இப்போது குளிருக்கு முன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அரிசி மணி அளவு மட்டும் வைக்கிறேன்.

இன்று துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ள முடிகிறது, கண் ஸ்கோப்பை விட்டு விலகுவதில்லை. பிளாஸ்டிக் மேகசின் மட்டும் இன்னும் லொடலொட என்கிறது, அதற்கு வழி கிடைக்கவில்லை. போன நவம்பரில் இரண்டாவது குண்டு தேவைப்பட்டது. மான் இரண்டடி நகர்வதற்குள் அது சேம்பருக்குள் இருந்தது.