தோளில் நட்சத்திரம் ஏறும் முன் கடன்: நகையா, ஸ்டைபண்டா, சீட்டா?

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த வீட்டில் முதல் வாரம் இனிப்பு, இரண்டாவது வாரம் கணக்கு. பரங்கிமலை ஓடிஏவுக்கோ (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) டேராடூன் ஐஎம்ஏவுக்கோ (இந்திய ராணுவ அகாடமி) கிளம்பும் பிள்ளைக்குப் பணம் புரட்ட வேண்டும் என்றால் கோவை, ஈரோடு, கரூர் பக்கத்து வீடுகளில் ஐந்து வழிகள் பேச்சில் அடிபடும்: நகைக்கடன், பயிர்க்கடன், தனிநபர் கடன், வைப்புத்தொகை மேல் கடன், சீட்டு. வட்டியை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் தப்பான கடன்தான் கையில் வரும். பயிற்சி முடியும்வரை தவணையை யார் கட்டுவது, பயிற்சி பாதியில் நின்றால் யார் தலையில் விழும் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம், மருத்துவம் எல்லாம் அரசுச் செலவு. ஐஎம்ஏ, ஓடிஏ கேடட்டுக்கு, அதாவது பயிற்சியில் இருப்பவருக்கு, பயிற்சிக் காலம் முழுக்க மாதம் 56,100 ரூபாய் ஸ்டைபண்டும் (உதவித்தொகை) உண்டு. ஓடிஏவில் 49 வாரம், ஐஎம்ஏ நேரடி நுழைவில் 18 மாதம். ஆக, கையிலிருந்து போவது சேரும்போது கட்டும் தொகை, டிரங்குப் பெட்டி, துணிமணி, ஷூ, வழிச்செலவு, முதல் ஸ்டைபண்டு வரும்வரை கைச்செலவு. பயிற்சி நிறைவு அணிவகுப்பான பாசிங் அவுட் பரேடுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவு கடைசியில் வரும்; அதற்குள் ஸ்டைபண்டிலேயே சேர்த்துவிடலாம். ஒரு லட்சத்துக்கு மேல் பட்டியல் நீண்டால் அதில் புல்லட் வண்டி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) கதை வேறு. உடுமலை அமராவதிநகர் சைனிக் பள்ளியிலிருந்து பிளஸ் டூ முடித்து நேராக அந்த அகாடமி இருக்கும் புனே பக்கத்துக் கடக்வாஸ்லா போகும் பையனுக்கு அங்கே மூன்று வருடம் ஸ்டைபண்டு கிடையாது. நான்காவது வருடம் ஐஎம்ஏவுக்குப் போன பிறகுதான். மாதம் 3,000 ரூபாய் அளவில் கைச்செலவைப் பெற்றோர்தான் அனுப்ப வேண்டும். பெற்றோர் வருமானம் மாதம் 21,000 ரூபாய்க்குக் கீழே என்றால் அரசு மாதம் 1,000 ரூபாய் உதவி தரும். அதற்கு வருமானச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். என்டிஏவுக்காகத் தவணைக்கடன் வாங்குவது மூன்று வருடம் வெறும் கையால் முழம் போடுவதுதான். இருக்கிற சேமிப்பில் முடியுங்கள்.

இனி ஸ்டைபண்டு உள்ளவர்களுக்கான ஒப்பீடு. தேவை அவ்வளவு இருக்காது என்றாலும் கணக்குக்காக 3 லட்சம் என்று வைப்போம்.

நகைக்கடனில் வங்கி, கூட்டுறவுச் சங்கம், தனியார் நிறுவனம் என்று யாரிடம் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது தவணை முறை. வருடக் கடைசியில் அசலும் வட்டியும் ஒரே மூச்சாகக் கட்டுவது ஒன்று. மாதாமாதம் கட்டுவது இன்னொன்று. 9 சதவீத வட்டி என்றால், கடைசியில் மொத்தமாகக் கட்டும் 3 லட்சத்துக்கு வட்டி 27,000. அதையே மாதம் 25,000 அசலும் அந்தந்த மாத வட்டியுமாகக் கட்டினால் மொத்த வட்டி 14,625 தான். ஸ்டைபண்டு வாங்கும் கேடட்டுக்கு இது கட்டக்கூடிய தொகை. வெளியே போகவே அனுமதி கிடைக்காத முதல் சில மாதங்களில் செலவழிக்கவும் வழியில்லையே!

ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் நெறிமுறை இந்த வித்தியாசத்தை இன்னும் கூட்டிவிட்டது. சொந்தச் செலவுக்கான நகைக்கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது உச்சவரம்பு. மொத்தமாகக் கட்டும் கடனுக்கு இந்த வரம்பை அசலில் பார்ப்பதில்லை, முடிவில் கட்ட வேண்டிய தொகையில் பார்க்கிறார்கள். 3 லட்சம் அசல், 27,000 வட்டி என்றால் 3,27,000-க்கு 80 சதவீதக் கணக்கில் 4,08,750 ரூபாய் மதிப்புள்ள நகை வேண்டும். மாதத் தவணை என்றால் 3,75,000 மதிப்பே போதும். மொத்தமாகக் கட்டும் கடனுக்குக் கெடு 12 மாதம். புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரை ஏறிய வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். "வட்டியையும் சேர்த்து மாற்றி வைத்துக்கலாம்" என்ற பழைய ஏற்பாடு இனி நடக்காது.

மதிப்பு போடும்போது கல், அரக்கு எடை கழியும். செய்கூலி, சேதாரத்துக்கு மதிப்பில்லை. கல் பதித்த ஆரத்தைவிடச் சாதாரண வளையலும் சங்கிலியும் அடகுக்கு உகந்தவை. முந்தைய நாள் விலை, கடந்த 30 நாள் சராசரி விலை இரண்டில் எது குறைவோ அதுதான் எடுக்கப்படும். அன்றைய விலையை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம். தனியார் கடைகளின் விளம்பரத்தில் உள்ள குறைந்த வட்டி பெரும்பாலும் 30 நாளுக்குள் வட்டி கட்டுபவருக்கு மட்டும்தான். தள்ளினால் விகிதம் படிப்படியாக ஏறும். கடன் தீர்ந்த அன்றே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள், நகை கைக்கு வர வேண்டும். கடன் கொடுத்தவரின் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

அடகுச்சீட்டு அம்மா பெயரில் இருப்பது நல்லது. கேடட் பெயரில் வைத்தால் மீட்பதற்கு அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டிவரும். பயிற்சி நடுவில் அதற்கு விடுப்பு கிடைக்காது. ஓடிபி வரும் போனும் எப்போதும் கையில் இருக்காது. கிளம்பும் முன்பே கேடட் கணக்கிலிருந்து அம்மா கணக்குக்கு மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பயிர்க்கடன்தான் பெரிய சபலம். நகை வைத்து வாங்கினாலும் கிசான் கடனில் 3 லட்சம் வரை 7 சதவீதம். சொன்ன தேதியில் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. சிட்டாவும் அடங்கலும் வீட்டில் இருக்க, பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரரோ ஈரோட்டு மஞ்சள்காரரோ வேறெங்கே போவார்? ஆனால் இது பயிருக்கு என்று மானியத்தோடு வரும் பணம். வேறு செலவுக்குத் திருப்பியது தெரிந்தால் சலுகை போகும். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு: வைகாசி, ஆனியில் விதை மஞ்சளும் உரமும் வாங்கப் போகும்போது கடன் வரம்பு தீர்ந்திருக்கும். தோட்டத்துக்காக வெளியாரிடம் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கி, கேடட்டுக்கு 4 சதவீதத்தில் கொடுத்த கதையாகிவிடும்.

தனிநபர் கடன், அகாடமிக்கு வந்து சம்பளக் கணக்குத் தொடங்கும் வங்கிகளின் வழி. அடமானம் வேண்டாம், சீக்கிரம் கிடைக்கும். 11.5 சதவீதத்தில் 3 லட்சம், 36 மாதம் என்றால் தவணை ஏறக்குறைய 9,893. மூன்று வருட வட்டி மொத்தம் 56,100 ரூபாயைத் தொட்டுவிடும். அதாவது ஒரு மாத ஸ்டைபண்டு முழுசாக. இதில் மூன்று இடங்களில் கைசுடும். ஒன்று, நிலையான வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இருக்கலாம். கட்டாயம் தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம் இருக்கும். அதைப் பாருங்கள், விளம்பர விகிதத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு, கூடவே ஒட்டி விற்கும் காப்பீடு. கேடட்டுக்கு ராணுவக் குழுக் காப்பீடு இருப்பதால் இது பெரும்பாலும் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். மூன்று, தவணைத் தேதி. ஸ்டைபண்டு வரும் நாளுக்கு முன்னால் தவணை விழுந்தால் மாதாமாதம் பவுன்ஸ் ஆகி, கமிஷன் (அதிகாரியாக நியமனம்) வாங்கும் முன்னமே சிபில் மதிப்பெண் கெட்டுவிடும். கணக்கில் பணம் ஏறிய நாளுக்கு ஒரு வாரம் கழித்துத் தேதி கேளுங்கள்.

வைப்புத்தொகை இருந்தால் பேச்சே வேண்டாம். அதன் வட்டிக்கு மேல் பொதுவாக ஒரு சதவீதம்தான் கூடுதல். வைப்பும் உடையாது, எந்நேரமும் அடைக்கலாம். அப்பா பெயரில் இருப்பது போதும்.

சீட்டு அவசரத்துக்கு ஆகாது. முதல் சில மாதங்களில் கசர் (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகம் போகும் என்பது சீட்டு போட்டுப் பழகிய நம் பக்கத்தவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே பாதி ஓடிய பதிவுச் சீட்டு கையில் இருந்தால் எடுக்கலாம். இதற்கென்று புதிதாகச் சேராதீர்கள். வெளியாரிடம் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிக்கடன் உண்டு. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் மூன்றாம் ஆண்டு கேடட்டுக்குப் பட்டப்பெயர் 'பசு'. அந்த வருடத்தில் வாங்குவதால் அதன் பெயரே பசுக்கடன்! நேவி ஃபெடரல், யுஎஸ்ஏஏ போன்ற, ராணுவத்தாருக்கான நிதி அமைப்புகள் 3 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் 25,000 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த காலம் உண்டு. கமிஷன் ஆன பிறகு தவணை தொடங்கும். ஆகாவிட்டால் சலுகை வட்டி போய்விடும். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று வங்கி வங்கியாக அலைவது வீண். அங்கே வருங்காலச் சம்பளத்தை நம்பித் தருகிறார்கள். இங்கே நம் வீட்டுப் பீரோ அந்த வேலையைச் செய்கிறது.

பயிற்சி நின்றுபோவது பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும். ரெலிகேஷன் ஆனால், அதாவது அடுத்த அணியோடு மீண்டும் படிக்கச் சொன்னால், ஒரு டெர்ம் (பருவம்) தள்ளிப்போகும். கமிஷன் தேதியை நம்பிப் போட்ட தவணைக் கணக்கு அங்கேயே உடையும். சொந்தக் காரணத்துக்காக விலகினால் அதுவரை ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் லட்சங்களில். காயம் பட்டு மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டால் ஸ்டைபண்டு நிற்கும், கடன் நிற்காது. அப்படி வெளியேறிய கேடட்டுகளின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தானாக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. இந்த மூன்றையும் தாங்குவது நகைக்கடனும் வைப்புத்தொகைக் கடனும்தான். கடைசியில் சொத்தைக் கொடுத்தாவது தீர்க்கலாம். தனிநபர் கடன் 22 வயதுப் பிள்ளையின் பெயரில் அப்படியே தொங்கும்.

ஏற்கெனவே பொறியியலுக்கு வாங்கிய கல்விக்கடன் இருந்தால், படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் அதன் தவணை விடுமுறை முடியும். ஓடிஏ நடுவிலேயே அந்தத் தேதி வந்துவிடலாம். அதை அடைக்க வேறு கடன் வாங்குவதைவிட, ஸ்டைபண்டில் நேரடியாகத் தவணை கட்டுவது மேல்.

புல்லட்டும் காரும் கமிஷன் வரைக்கும் பொறுக்கட்டும். லெப்டினன்ட் ஆனதும் 56,100 அடிப்படைச் சம்பளத்தோடு மாதம் 15,500 ராணுவச் சேவை ஊதியமும் படிகளும் சேரும். பயிற்சிக் காலத்துக்கு உரிய படிகளும் நிலுவையாக வரும். நகை மிச்சம் இருந்தால் முதலில் அந்த நிலுவையில் மீட்டுவிட்டு, பிறகு சிஎஸ்டி (ராணுவக் கேன்டீன்) விலையை விசாரித்து வண்டி எடுக்கலாம்.