ஆர் மென்பொருள்: முதல் பருவம் தொடங்கி முதுகலை வரை

புள்ளியியல் படித்த ஐந்து ஆண்டும் என்னோடு இருந்தது புள்ளியியல் கணக்குக்கும் வரைபடத்துக்குமான ஆர் (R) என்ற மென்பொருள்தான். இலவசம். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிவைத்தது.

முதல் வாரமே முட்டிக்கொண்டேன். 2, 4, 6 என்ற எண்களுக்குக் கையால் போட்ட மாறுபாடு (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, variance) 2.67, ஆர் 4 என்றது. அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது: நான் 3ஆல் வகுத்தேன், அது 2ஆல் வகுக்கிறது. மாதிரிக்கு (முழுத் தொகுதியிலிருந்து எடுத்த சில எண்களுக்கு, sample) வகுக்கும்போது எண்ணிக்கையில் ஏன் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்பது அன்றைக்கு மனதில் பதிந்ததுதான், இன்னும் போகவில்லை.

அப்புறம், ஆரிலேயே இருக்கும் ஆன்ஸ்கோம் தரவு, புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973இல் வெளியிட்டது. நான்கு தொகுப்புகள், நான்கிலும் சராசரிகள் ஒன்றே, ஒட்டுறவுக் கெழுவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண், correlation) ஏறக்குறைய 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகிறது. இன்னொன்றில் ஒரே புள்ளி மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. தொடர்புப்போக்கு (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு போடுவது, regression) வகுப்புக்குப் போகும் முன் இதை ஒருமுறை வரைந்துவிடுங்கள்.

குறையும் உண்டு. அடைப்புக்குறியை மூட மறந்தால் வெறும் கூட்டல் குறியைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்கும், புதியவர்கள் பயந்துவிடுவார்கள். உருவகப்படுத்தல் (simulation) பாடத்தில் நான் எழுதிய சுழற்சிகள் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நிரல், loops) ஊர்ந்துதான் போயின. ஆனாலும் குழுக்களாக வரும் தரவுக்கான கலப்பு விளைவு மாதிரிகள் (mixed-effects models) வரை எல்லாவற்றையும் இதிலேயே செய்து முடித்தேன்.