மகள் கையில் சென்சார், ஒன்றேகால் வருடம்: வேலூர் வெயிலில் எங்கள் அனுபவம்

மகளுக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தபோது வயது ஐந்து. இப்போது ஆறரை. இதில் ஒன்றேகால் வருடமாக மேல்கையில் ஒட்டி, சர்க்கரை அளவைப் போனில் காட்டும் 14 நாள் சென்சார் பயன்படுத்துகிறோம். வாங்கலாமா வேண்டாமா என்று குழம்புகிற பெற்றோருக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்டுபிடித்தது என் மாமியார்தான். ராத்திரி எழுந்து எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வந்தது, எல்லாம் சித்திரை வெயில் என்று நினைத்துவிட்டோம். பக்கத்துக் கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று மருந்து கொடுத்தார்கள். தோட்டத்தில் அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து அந்த மாமியார், அவளுடைய ஆயாதான், "இது சூடு இல்லம்மா, சக்கரை" என்றார். விரலில் குத்திப் பார்த்தால் 486. இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலமும் ஏறியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி.

"என்ன சாக்லேட் கொடுத்து வளர்த்தே?" என்று கேட்டவர்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வரும் நோய் இது. சாக்லேட்டால் வருவதில்லை, யார் வளர்ப்பாலும் வருவதில்லை. இதைப் புரிந்துகொள்ளும் வரை நான் அழுத அழுகை கொஞ்சமல்ல.

சரி, சென்சாருக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை விரலில் குத்துவோம், குளுக்கோமீட்டரை எடுத்தாலே கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். இப்போது சென்சார் ஒட்டியிருக்கும் நாட்களில் இரண்டு மூன்றுதான். எங்களுடையதில் அலாரம் கிடையாது, போனைக் கிட்டே காட்டினால்தான் எண் வரும், எட்டு மணி நேரத்துக்கு மேல் காட்டாமல் விட்டால் நடுவில் உள்ள பதிவு போய்விடும். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு இன்னமும் எழுகிறேன், ஆனால் அவள் எழுவதில்லை.

பெரிய பாடம் சாப்பாட்டில்தான் கிடைத்தது. கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்று எல்லோரும் சொன்னதை நம்பி ஆடி மாதம் முழுக்கக் கூழ் கொடுத்தேன். போனில் பார்த்தால் சர்க்கரை அளவைக் காட்டும் கோடு சோற்றைவிட வேகமாக மேலே போகிறது! அதையே கெட்டிக் களியாக, கீரையும் பருப்பும் சேர்த்துக் கொடுத்தால் நிதானமாக ஏறுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் எவ்வளவு சாப்பிட்டாலும் கோடு அசையவே இல்லை, அவளுக்கும் பிடிக்கும். இட்லிக்கு, சாப்பிடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே இன்சுலின் ஊசி போட்டால் ஏற்றம் பாதியாகிறது. ஆனால் ஊசி போட்டபிறகு "வேணாம்" என்று தட்டைத் தள்ளினால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறதே, அது எந்தக் கருவியாலும் போகாது. அவள் சரியாகச் சாப்பிடாத நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டு வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அதனால் எண் சில நிமிடம் பிந்தியே வரும். ஒருநாள் ராத்திரி 52 காட்டியது, பதறி விரலில் குத்தினால் 118. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்திருந்தாள், அவ்வளவுதான். ஒட்டிய முதல் நாளும் நம்பாதீர்கள். எண் ஒன்று சொல்லி, குழந்தையின் முகம் வேறொன்று சொன்னால் உடனே குத்திப் பாருங்கள். நிஜமாகவே 70-க்குக் கீழே போனால் அவள் எடைக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்குச் சொல்லும் 15 கிராம் சர்க்கரைக் கணக்கு சின்னக் குழந்தைக்குப் பொருந்தாது.

அக்னி நட்சத்திரத்தில் வியர்வையில் ஆறாம் நாளே கழன்று விழுந்தது, ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம் போச்சு. இப்போது ராத்திரி குளித்து, நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் காய்ந்தபிறகுதான் ஒட்டுகிறோம். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு ஒட்டவே கூடாது. மாதம் இரண்டு வாங்கக் கட்டுப்படியாகாததால் ஒன்று மட்டும்தான், மீதி நாட்கள் பழையபடி விரல். அந்தப் பதினைந்து நாளில் படித்த கோடுகளே அடுத்த பதினைந்து நாளுக்கு வழி காட்டுகின்றன. அப்புறம் இன்சுலின் பேனா: திறந்தது 28 நாள் வரை, 30 டிகிரிக்குக் கீழே இருக்கணும். கரண்ட் போனால் ஈரமணல் பானைதான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் அவளுக்கு தேவைப்பட்ட இன்சுலின் 14 யூனிட்டிலிருந்து 6-ஆகக் குறைந்தது. சொந்தக்காரர் ஒருவர், தான் கொடுத்த கஷாயத்தால்தான் என்று சொல்லி ஊசியையே நிறுத்தச் சொன்னார். மீதியிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் வேலை செய்வதால் வரும் இடைவெளி அது, பிறகு தேவை ஏறிவிட்டது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை இந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இருந்ததில்லை. ஊசியை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

இப்போது போனை அவளே கையில் வைத்துப் பார்க்கிறாள். நேற்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "ஆயா, தொண்ணூத்தி ரெண்டு! தோசை ஊத்து!"